கோமாலுக்குப் பயப்படாத கை

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்குத் தோர்த்தியா ரொட்டி பாசி நிறத்தில் வந்தது. நீலச் சோளத்துக்குச் சுண்ணாம்பு ஒரு பிடி கூடினால் மாவு இப்படித்தான் பச்சைக்குத் திரும்பும். புது மருமகள்கள் செய்கிற தப்பு. முப்பத்தோரு வருடமாக இதே அடுப்பில் சோளம் அவிக்கிற நான் செய்கிற தப்பு இல்லை.

என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன கிழவி, சோளத்துக்குள்ள கிளி புகுந்துடுச்சா?" என்றார். கேலி பண்ணிக்கொண்டே பன்னிரண்டு தின்றார். ஃபிதென்சியோவுக்குக் கோபம் வந்தாலும் பசி குறையாது.

ஏன் கூடியது என்று எனக்குத் தெரியும். நேற்று வெந்த சோளத்தில் ஒரு மணியை எடுத்து, தோல் கழல்கிறதா என்று இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். கழலவில்லை என்று நினைத்து மறுபடி சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினேன். இன்று கழுவும்போது பார்த்தால் எல்லாம் நேற்றே கழன்றிருக்கிறது. என் விரலுக்குத்தான் தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வலது கை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல். குளிர்தான் காரணம். மலின்சே மலையிலிருந்து காற்று இறங்குகிறது. குளிர்தான்.

பிப்ரவரி 19, புதன்

வெயில் அடிக்கிறது. விரல் அப்படியேதான் இருக்கிறது.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இந்த நோட்டிலாவது எழுதினால் மனசு கொஞ்சம் இறங்கும். ஒதிலியா அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவளுக்குக் காலில். அவள் பெரிய மகன் கல்யாணத்தன்று புதுச் செருப்பு போட்டாள். செருப்புக்குள் ஒரு சோள மணி கிடந்திருக்கிறது. காலையிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் அதன் மேலேயே நடந்தாள், ஆடவும் ஆடினாள். ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் குதிகாலில் ரத்தம். ஐந்து மாதத்தில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னார்கள். அம்மாவுக்கும் அதுதான் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

மரத்துப் போவதில் ஆரம்பிக்கும். எடுப்பதில் முடியும். அக்காவுக்குக் கால், எனக்குக் கை. கை இல்லாமல் ஒருத்தி இந்த வீட்டில் என்ன செய்வாள்?

மார்ச் 1, சனி

தோர்த்தியா புரட்டிக்கொண்டிருந்தேன். தீய்ந்த நாற்றம் வந்தது, கோழி இறகைத் தீயில் காட்டினால் வருமே, அது. அவர்தான் அடுப்புக்குப் பக்கத்தில் தொப்பியை வைத்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். தொப்பி ஆணியில் தொங்குகிறது. கீழே பார்த்தால் என் நடு விரல் காய்கிற கோமால் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூக்குக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

மாவு அப்பி, துணி சுற்றி, வெங்காயம் நறுக்கும்போது வெட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பிவிட்டார். இவ்வளவு சுலபமாக நம்புகிறாரே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு மில்லில் வரிசை. எல்லோருடைய வாளியிலும் அவித்த சோளம், எல்லோருக்கும் அவசரம். என் மகளின் ஞானத்தாய் செனோபியா எனக்கு முன்னால் நின்றாள். யாரோ ஒரு புது மருமகள் விரல் சுட்டுவிட்டது என்று புலம்ப, செனோபியா என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருடி. கோமாலுக்குப் பயப்படாத கை இது. எர்மெலிந்தா தோர்த்தியா புரட்டறப்ப கண்ணுகூடச் சிமிட்ட மாட்டா. நீயெல்லாம் முகத்தைச் சுளிக்கிற."

எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெண் பொறாமையோடு பார்த்தது. நானும் சிரித்தேன். இங்கே ஒருத்தியைப் புகழ வேண்டுமென்றால் கையைத்தான் புகழ்வார்கள். நானும் இத்தனை வருடம் அதில் மயங்கித்தான் கிடந்தேன். எப்போதிலிருந்து சுடாமல் போனது? மூன்று வருடமா, ஐந்தா? பெருமை என்று நினைத்தேனே பாவி, பெருமை என்று.

மார்ச் 14, வெள்ளி

சுகாதார நிலையத்து வண்டி ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போனது. சர்க்கரை பார்க்கிறார்களாம், விரலில் ஒரு குத்துதானாம், வயிறு காலியாக வரவேண்டுமாம். நான் பிளாசா சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு கல்லறைத் தெரு வழியாக வீடு வந்தேன்.

சாயங்காலம் அந்த இளம் டாக்டர் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு வருட சேவைக்கு வந்தவள், பெயர் ஆரந்தா. நான் வான்கோழிக் கூண்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில். ஒரு வான்கோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் அவர் பேசுவது கேட்டது: "பொண்டாட்டி வீட்ல இல்லைங்க டாக்டர். எனக்கா? எனக்கென்ன, காளை மாதிரி இருக்கேன்."

அவள் போனபிறகு அவர் கூண்டுப் பக்கம் வந்து, "முட்டை போட்டாச்சா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறார். ஊசி என்றால் எனக்குப் பயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 22, சனி

விதைப்பு ஆரம்பம். நீல விதையை நானே பொறுக்கிக் கொடுத்தேன், கதிரின் நடுப்பகுதி மணிகள் மட்டும். கண்ணால் பொறுக்கினேன். விரலை நம்பவில்லை.

அவர் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் தொட்டியில் வாயை வைத்துக் குடித்தார். வெயில் அப்படி. உழைப்பும் அப்படி. பெல்ட்டில் புது ஓட்டை வேண்டும் என்றார், ஆணியால் அடித்துக் கொடுத்தேன். விதைப்புக் காலத்தில் இளைப்பார், அறுவடையில் தேறுவார்.

ஏப்ரல் 2, புதன்

தினமும் குளிக்கும்போது கால் விரல்களை நகத்தால் கிள்ளிப் பார்க்கிறேன். வலிக்கிறது. வலித்தால் சந்தோஷம். அப்புறம் கையைக் கிள்ளிப் பார்க்கிறேன். சுண்டு விரல் வலிக்கிறது, மற்றது இல்லை. இடது கையிலும் ஆரம்பித்துவிட்டது. தூக்கத்தில் ஊசி ஊசியாகக் குத்துகிறது. உதறினால் கொஞ்சம் விடுகிறது.

எத்தனை நாள் இப்படி ஒளிப்பேன்? அம்மியில் மாவைக் கடைசி இழுப்பு இழுக்கும்போது குழவி நழுவுகிறது. மில் மாவை அப்படியே தட்டிப் போட்டால் இவருக்கு முதல் கடியிலேயே தெரிந்துவிடும். "சிமென்ட் கலந்தியா?" என்பார். கடைத் தோர்த்தியா வாங்கிவைத்தால் அதைத் தொடவும் மாட்டார், பேசவும் மாட்டார்.

குத்திப் பார்த்தால் என்ன ஆகிவிடும் என்று காலையில் தைரியம் வருகிறது. மதியத்துக்குள் போய்விடுகிறது. தெரியாமல் இருக்கிற வரைக்கும் எனக்குச் சர்க்கரை இல்லை. தெரிந்துவிட்டால் உண்டு. அவ்வளவுதான் என் கணக்கு. முட்டாள் கணக்கு என்று தெரிகிறது. தெரிந்து?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ஒதிலியா அக்கா வந்திருந்தாள். அவள் மகன் வண்டியிலிருந்து தூக்கி இறக்கினான். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அதிகாரம் ஆரம்பம். காப்பியில் பட்டை போதாது, அவரைக்கொட்டை மசியவில்லை, என் முகம் சரியில்லை.

"ஏன்டி லிந்தா, வந்ததிலேர்ந்து என் காலையே பாக்கற? முளைச்சிருக்கான்னு பாக்கறியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா, எனக்குக் கை தெரியலக்கா. இந்த ஒரு வரிதான். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் வெளியிலிருந்து வந்து, "மதினி, ஒரு செருப்பு வாங்கினா பாதி விலைக்குக் குடுக்கறானா?" என்று கேட்டார். அவள் அதற்கும் சிரித்து, துண்டை எடுத்து அவர் மேல் வீசினாள். அப்படியே போய்விட்டது.

கிளம்பும்போது என் காதில் சொன்னாள்: "நான் டாக்டர்கிட்டப் போக ரெண்டு வருஷம் பயந்தேன். அந்த ரெண்டு வருஷத்தை வீணாக்காம இருந்திருந்தா இந்தக் கால் இருந்திருக்கும்." எதையாவது கண்டுபிடித்துவிட்டாளா? இல்லை எல்லோரிடமும் சொல்கிறாளா?

மே 3, சனி

சாந்தா குரூஸ், புனிதச் சிலுவைத் திருநாள். செனோபியாவின் தம்பி கட்டுகிற வீட்டில் கொத்தனார்கள் சிலுவை நட்டு, பூ சாத்தி, வெடி போட்டார்கள். அறுபது பேருக்குச் சாப்பாடு. பெண்கள் ஆறு பேர் ஒரே பெரிய கோமாலைச் சுற்றி நின்றோம்.

பேச்சு சுவாரஸ்யம். நான் இடது கையை எங்கே வைத்தேன் என்று பார்க்கவில்லை. தோர்த்தியா உப்பி எழும்பியது, எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அப்புறம் செனோபியாவின் முகம் மாறியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தோல் கோமாலில் தங்கிவிட்டது. சின்னதுதான், ஒரு சோள மணி அளவு.

"வலிக்கலையா, கொமாத்ரே?" என்றாள், ஞானத்தாய் உறவுமுறை சொல்லி. மெதுவாகத்தான் கேட்டாள்.

மில்லில் என் கையைத் தூக்கிக் காட்டியவள். இன்று ஒருத்தியும் புகழவில்லை. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மே 4, ஞாயிறு

செனோபியா இவரிடம் சொல்லிவிட்டாள். பூசை முடிந்து கோயில் வாசலிலேயே.

வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் மேஜை மேல் விரித்து வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தார். "இது வெங்காயம்னு சொன்ன. இது கம்பின்னு சொன்ன. இது?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆமாங்க பொய்தான் சொன்னேன், என்ன பண்ணச் சொல்றீங்க, அக்கா மாதிரி என்னையும் வண்டியிலேர்ந்து தூக்கி இறக்கணுமா, கையில்லாதவளுக்கு யார் ஊட்டுவா, நீங்களா ஊட்டுவீங்க, உங்க சட்டைக்கு நீங்க பட்டன் போட்டிருக்கீங்களா என்னைக்காவது — என்னென்னவோ கத்தினேன். அவர் எழுந்துபோய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"செவ்வாக்கிழமை போறோம். நானும் குத்திக்கறேன், உனக்குத் துணைக்கு. ஓடினா வான்கோழிக் கூண்டுலதான் வந்து புடிப்பேன்."

மே 6, செவ்வாய்

வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் நானே நம்பமாட்டேன்.

சுகாதார நிலையத்தில் எங்கள் முறை வந்ததும் அவர் முந்திக்கொண்டு விரலை நீட்டினார். "முதல்ல எனக்குக் குத்துங்க டாக்டர். இவ பாக்கட்டும்." குத்தினாள். என் பக்கம் திரும்பி, "பாரு, கொசு கடிச்ச மாதிரி," என்றார். டாக்டர் பெண் கருவியைப் பார்த்தாள். அவர் விரலைத் துடைத்து, வேறொரு விரலில் மறுபடி குத்தினாள். அப்புறம் சீட்டில் எதையோ எழுதிவிட்டு என் பக்கம் வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். குத்தினாளா என்றே தெரியவில்லை. எனக்கு அதுவும் பயம்.

"தொண்ணூத்தெட்டு. உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். கன்னி மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகுதான் பார்த்தேன், என்னைத் தவிர யாரும் சந்தோஷமாக இல்லை.

அவருக்கு முந்நூற்று நாற்பத்தொன்று.

டாக்டர் அவரிடம் கேட்டாள். தாகம் எடுக்கிறதா? அடிக்கடி எழுந்து ஒன்றுக்குப் போகிறாரா? இளைத்தாரா? கண் மங்குகிறதா? அவர் எல்லாவற்றுக்கும் "இல்ல, இல்ல," என்றார். நான்தான் ஆமாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. வந்ததும் இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 22-இல் என் கையெழுத்திலேயே இருக்கிறது, தொட்டியில் வாயை வைத்துக் குடித்தார் என்று. வெயில் அப்படி என்று எழுதியிருக்கிறேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரில் உட்கார்ந்து தின்கிற மனுஷன் தெரியவில்லை.

என் கையைப் பற்றியும் சொன்னாள். இரண்டு புறங்கையையும் சேர்த்து மடக்கிப் பிடிக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம் ஆவதற்குள் விரல் மொத்தமும் விறுவிறுத்தது. "மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. அம்மியில எத்தனை வருஷமா அரைக்கிறீங்க?" எட்டு வயதிலிருந்து என்றேன். அம்மி கூடாது, பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், சரியாகாவிட்டால் நகரத்தில் சின்ன அறுவை. சொல்லிக்கொண்டே போனாள். நான் பாதிதான் கேட்டேன்.

கடைசியில் அவர் பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். ஒரு நைலான் நூலால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். கண்ணை மூடச் சொன்னதற்கு அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா," என்றார்.

"கால்ல இன்னும் உணர்ச்சி இருக்கு. அது போகாமப் பாத்துக்கணும். தினமும் பாருங்கம்மா, தொட்டுப் பாருங்க," என்றாள் என்னிடம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாசலில் நின்று, "உனக்கு இல்ல. அது போதும்," என்றார்.

மே 7, புதன்

பன்னிரண்டு தோர்த்தியா தின்கிறவருக்கு மூன்று வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தின்றார்.

மே 20, செவ்வாய்

மாத்திரை வயிற்றைக் கலக்குகிறதாம். கோலா பாட்டிலைக் கையால் தள்ளிவிடுகிறார், பாவமாக இருக்கிறது.

இன்றைக்கு ஒரு கூத்து. என் மணிக்கட்டில் பட்டை இருப்பதால் அம்மியில் உட்கார முடியாது. மில் மாவு இவருக்கு இறங்காது. கடைசியில் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, அவரே அம்மி முன்னால் முழங்காலிட்டார். இந்த ஊரில் எந்த ஆம்பிளையும் அம்மிக்கு முன்னால் முழங்காலிட்டு நான் பார்த்ததில்லை. "சிரிச்சன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்," என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இடுப்பால் தள்ளணுங்க, தோளால் இல்லை என்றேன். மூச்சு வாங்கியது அவருக்கு. நெற்றியெல்லாம் நீலம்.

செனோபியா கதவைத் தட்டி உப்பு கேட்டாள். அவர் அம்மியிலிருந்து ஒரே தாவாகத் தாவிக் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். "அண்ணன் நெத்தியில என்ன, மாவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாளைக்கு மில் வரிசை முழுக்கத் தெரிந்திருக்கும்.

எத்தனையோ நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் திரும்பி வந்துவிட்டது. இந்தப் பயம் வேறு மாதிரி. என் கைக்குப் பயந்தபோது ஒளிந்துகொள்ள முடிந்தது.

ஜூன் 1, ஞாயிறு

தினமும் சாயங்காலம் அவர் கால் கழுவி, துடைத்து, மடியில் வைத்துப் பார்க்கிறேன். கண்ணால் புண் இருக்கிறதா என்று. என் விரலை நம்ப முடியாது. தொட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாத விரல். அதனால் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி வைத்திருக்கிறேன். குச்சி நுனியால் ஒவ்வொரு கால்விரலாகத் தொடுவேன். தொட்டதும் "ஆமா," என்பார். இதுவரைக்கும் பத்து விரலுக்கும் ஆமாதான்.

ஜூன் 9, திங்கள்

இடது காலில் இன்றைக்கு நான் தொடுவதற்கு முன்பே ஆமாம் என்றார்.

அவசரத்தில் சொல்லியிருப்பார். மழை வருகிற மாதிரி இருந்தது, வான்கோழிகளைக் கூண்டில் அடைக்கவேண்டும் என்று அவசரம்.

இல்லை. குச்சி காற்றில் இருந்தது. நான் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

கேட்கவில்லை. அவர் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு "ஆமா" சொன்னார், நான் "சரி" சொன்னேன். ஓலைத் தொப்பி. இடுக்கெல்லாம் வெளிச்சம். டாக்டர் முன்னாலும் அதே தொப்பிதானே. வெங்காயம் என்று சொன்னவள் நான். இவரை நான் எந்த வாயால் கேட்பது? எனக்குத் தெரியாதா, தெரிந்துகொள்ளாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம் என்று மகள் பியூப்லா நகரத்திலிருந்து போன் பண்ணினாள். காளை மாதிரி இருக்கேன் என்றார் அவளிடம். மதியம் நான்கு தோர்த்தியா கொடுத்தேன், மூன்றுக்குப் பதில். ஒரு நாள்தானே.

சாயங்காலம் காலைக் கழுவினேன். அவர் தொப்பிக்குக் கை நீட்டினார். நான் அதை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு துணியை நான்காக மடித்து அவர் கண்ணைக் கட்டினேன். "இது என்ன கிழவி, பினியாத்தாப் பானை உடைக்கப் போறமா?" என்றார். சிரித்தார். ஆனால் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

வலது காலில் ஆரம்பித்தேன். ஐந்து விரலுக்கும் சொன்னார். கொஞ்சம் தாமதமாக, ஆனால் சொன்னார்.

இடது காலுக்கு வந்தேன். பெருவிரலைத் தொட்டேன். அடுத்ததைத் தொட்டேன். குச்சி வளைகிற அளவுக்கு அழுத்தினேன். சுண்டு விரல் வரைக்கும் போய், திரும்பப் பெருவிரல் வரைக்கும் வந்தேன். அவர் துணிக்குள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, காது கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

"என்ன கிழவி," என்றார். "இடது காலை எப்ப ஆரம்பிக்கப் போற?"